கட் சொல்லாத மனுசன்

என் வேலை பலகை தட்டுவது.
காட்சி நாற்பத்தொன்று, டேக் மூன்று,
டப்.
பிறகு ஓடிப்போய்த் தேயிலைச் செடிக்குள் குந்திக்கொள்வது.
அட்டை ஏறும். அசையக்கூடாது.

பொகவந்தலாவைக்கு மேலே ஒரு கொழுந்து மடுவம்.
கதைப்படி விஷயம் சின்னது:
யோகமலர் சாக்கைத் தராசுக் கொக்கியில் கொளுவுகிறாள்.
ஈரத்துக்கென்று இரண்டு கிலோ கழிக்கிறார் கணக்கப்பிள்ளை.
அவள் போகிறாள்.
தாளில் நாலு வரி.

குகதாசன் மட்டக்களப்புக்காரர்.
மலைக்குளிருக்கு இரண்டு சோடி காலுறை,
அதற்கு மேலே ரப்பர் செருப்பு.
கேமராவைத் தராசு முள்ளின் உயரத்துக்கு இறக்கினார்.
அந்த உயரத்தில் யோகமலருக்குத் தலை இல்லை;
படங்கு கட்டிய இடுப்பும், கறை ஏறிய விரலும்தான்.
"முகம் நடிக்கும், முள் நடிக்காது" என்றார்.
எங்கள் மடுவத்துத் தராசை
அவருக்குத் தெரியாது, பாவம்.

அவள் போனாள்.
அவர் கட் சொல்லவில்லை.

வெறுங்கொக்கி ஆடிக்கொண்டிருந்தது.
கீழ்ப் பள்ளத்திலிருந்து பனி ஏறி
மடுவத்துக்குள் வந்தது, சம்பளம் கேட்க வந்த ஆள் மாதிரி
வாசலில் கொஞ்சம் தயங்கி.
கணக்கப்பிள்ளையாக நின்றவர் அந்தோணிமுத்து,
ஹட்டனில் வங்கிக் கிளார்க்.
வசனம் முடிந்துவிட்டது அவருக்கு.
பேனையைப் பார்த்தார். ஏட்டைப் பார்த்தார்.
அவள் போன பக்கம் பார்க்காமலிருக்கப் பார்த்தார்.
பிறகு இடது கையை மெதுவாகத் தூக்கி
கொக்கியைத் தொட்டு
ஆட்டத்தை நிறுத்தினார்.

யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.
செடிக்குள் எனக்கு மூச்சு நின்றது.
அதற்கும் பிறகுதான் வந்தது கட்,
இன்னொரு தேத்தண்ணி கேட்பவரின் குரலில்.

எல்லாக் காட்சியும் இப்படித்தான்.
ஆள் போன பிறகு
ஆள் இருந்த இடத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்.
தயாரிப்பாளர் கணக்கெடுத்தார்:
நாலு நிமிடக் காட்சியில்
ஒன்றரை நிமிடம் யாருமே இல்லை.
அதற்கும் அவர்தானே காசு கொடுக்கிறார்.

பன்னிரண்டாம் நாள் ஜீப் வந்தது.
குகதாசன் காலுறைகளை மடித்து வைத்துக்கொண்டு
ஹட்டன் பஸ்ஸில் ஏறினார்.

அடுத்து வந்தவர் நிரோஷன்.
கெட்ட மனுசன் இல்லை,
மழையில் தன் கோட்டைக் கழற்றி எனக்குத் தந்தவர்.
அவருடைய கேமரா பறக்கும்.
அதே மடுவம், அதே நாலு வரி.
யோகமலரின் கண்ணுக்குள்ளேயே போய் நின்றார்.
ஒரே டேக்கில் அழுதாள்.
எனக்கும் தொண்டை அடைத்தது, பொய் சொல்லமாட்டேன்.
உடனே மேலே, மேலே,
சீப்பு வாரிய மாதிரி மலை,
வயலின் வரப்போகிற இடமெல்லாம் காலியாக விட்டு.
மொனிட்டரில் எங்கள் லயத்துத் தகரம்
அழகாகத்தான் இருந்தது.
ஒழுகுகிற இடம் அங்கிருந்து தெரியவில்லை.

அவர் கட் சொல்வது கைதட்டுகிற மாதிரி.
நாங்களும் தட்டினோம்.

படம் ஹட்டனில் ஓடியது.
போஸ்டரில் ஒரு பெயர்தான்.
ஆனால் பலகை தட்டியவனுக்குத் தெரியும்
எந்த இடத்தில் யாருடைய கண் என்று;
ஒரே துணியில் இரண்டு பேர் போட்ட தையல்,
உள்பக்கம் திருப்பினால் முடிச்சு வேறு.

காட்சி நாற்பத்தொன்று வந்தது.
கண், கண்ணீர், மலை, வயலின்.
முன் வரிசையில் மூக்கை உறிஞ்சினார்கள்.
மலையிலிருந்து இறங்க வழி தெரியாமலோ என்னவோ
எடிட்டர் பழைய பெட்டிக்குள் கைவிட்டிருக்கிறார்:
வெறுங்கொக்கி.
மூன்று செக்கன் ஆடியது.
கை வருவதற்குள் வெட்டிவிட்டார்.

அடுத்த காட்சியில் கல்யாணம், ஒரே சத்தம்.
எனக்குள் அது ஆடிக்கொண்டே இருந்தது.
பக்கத்து இருக்கையில் அந்தோணிமுத்து,
வங்கிச் சட்டையோடு நேரே வந்தவர்,
இருட்டில் இடது கையை
மடியிலிருந்து கொஞ்சம் தூக்கியிருந்தார்.